ரஷ்யக் கிராமத்துத் திருமண ஓவியத்தைப் பார்ப்பது எப்படி: ஷிபானோவின் படத்தை முன்வைத்து ஒரு வழிகாட்டி

ரஷ்யக் குடியானவர் வீட்டுத் திருமணத்தைக் காட்டும் ஓவியத்தை முதன்முறையாகப் பார்ப்பவர், மின்னும் உடைகளையும் திரண்டு நிற்கும் உறவினரையும் கண்டு, ஏதோ கல்யாணம் நடக்கிறது என்ற அளவில் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவது வழக்கம். அந்த ஓவியங்களை வரைந்தவர்களும் முதலில் பார்த்தவர்களும் அந்தச் சடங்குகளை அறிந்தவர்கள் என்பதால், மணப்பெண்ணின் தலையில் என்ன இருக்கிறது, யார் எங்கே நிற்கிறார், கதவு வழியாக யார் நுழைகிறார் என்பவற்றையெல்லாம் யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நமக்கு அந்த விளக்கம் தேவைப்படுகிறது. கீழே சொல்லப்படும் வரிசையில் பார்த்துப் பழகினால், ஒரே படத்தின் முன் அரை மணி நேரம் சலிப்பின்றி நிற்க முடியும். அந்த வகையைச் சேர்ந்த மற்றப் படங்களையும் பிறர் உதவியின்றிப் புரிந்துகொள்ள முடியும்.

பயிற்சிக்காக எடுத்துக்கொள்ளும் படம் மிகயீல் ஷிபானோவ் 1777-இல் வரைந்த ‘திருமண ஒப்பந்தக் கொண்டாட்டம்’. மாஸ்கோவின் ட்ரெட்யாகோவ் கலைக்கூடத்தில் அது இருக்கிறது. இதைவிடப் புகழ்பெற்ற திருமண ஓவியங்கள் ரஷ்யாவில் உண்டு. ஆனாலும் தொடங்குவதற்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து. ரஷ்யக் குடியானவர்களைக் கேலியோ இரக்கமோ இன்றி, பெரிய அளவில், எண்ணெய் வண்ணத்தில் காட்டிய மிகத் தொடக்ககால ஓவியங்களுள் இது ஒன்று. பின்னால் வந்தவர்கள் எதை மாற்றினார்கள் என்பதை இதை வைத்தே அளந்துபார்க்கலாம்.

படி 1: நல்ல பிரதியைத் தேடிக்கொள்ளுங்கள்

நேரில் பார்க்க வாய்ப்பில்லாதவர்கள் கைப்பேசித் திரையில் தோன்றும் முதல் படத்தோடு நிறைவடைந்துவிடக் கூடாது. மூல ஓவியம் ஏறத்தாழ 2 மீட்டர் உயரமும் 2.4 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலமும் கொண்டது. அதாவது அதில் நிற்கும் மனிதர்கள் பார்வையாளருக்கு நேர் எதிரே, கிட்டத்தட்ட அவரது உயரத்திலேயே நிற்பதுபோன்ற உணர்வைத் தருபவர்கள். இதை மனத்தில் இருத்தாமல் உள்ளங்கை அளவுப் படத்தைப் பார்த்தால், இது ஒரு சிறிய அலங்காரப் படம் என்ற தவறான எண்ணமே ஏற்படும். கணினித் திரையில் முழு அளவில் திறக்கக்கூடிய, துல்லியம் மிகுந்த பிரதியைத் தேடுங்கள். வெவ்வேறு இடங்களில் எடுத்த இரண்டு பிரதிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று மஞ்சள் படிந்தும் மற்றொன்று குளிர்ந்த நிறத்திலும் இருந்தால், நிறங்களைப் பற்றி உறுதியான முடிவுக்கு வருவதைத் தள்ளிப்போடுங்கள். தொடக்கத்திலேயே பெரிதாக்கிப் பார்க்க வேண்டாம். முதல் ஐந்து நிமிடம் முழுப் படத்தையும் தொலைவிலிருந்து பார்த்து, வெளிச்சம் எங்கே குவிந்திருக்கிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

படி 2: பின்புறக் குறிப்பைப் படியுங்கள்

ஓவியத்தின் முகத்துக்குப் போகும் முன் அதன் முதுகைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்த ஓவியத்துணியின் பின்புறத்தில் ஷிபானோவே எழுதிய குறிப்பு ஒன்று உள்ளது. படத்தில் இருப்பவர்கள் சூஸ்தல் மாகாணத்துக் குடியானவர்கள் என்றும், நிகழ்வு திருமண ஒப்பந்தக் கொண்டாட்டம் என்றும், அதே மாகாணத்தின் தத்தாரோவோ என்னும் ஊரில் 1777-இல் வரையப்பட்டது என்றும் அது சொல்கிறது. யார், என்ன, எங்கே, எப்போது என்ற நான்கு கேள்விகளுக்கும் ஓவியரே விடை எழுதி வைத்திருப்பது அந்தக் காலத்துக்கு அரிது. ஊர்ப்பெயரையும் அவர் குறித்திருப்பதால், இந்த மனிதர்கள் நகரத்துப் பட்டறையில் வேடமிட்டு நின்ற மாதிரிகள் அல்லர், அவர் அந்த வட்டாரத்துக்கே போய் வரைந்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

‘ஒப்பந்தக் கொண்டாட்டம்’ என்ற சொற்களில் புதியவர் சற்று நிற்க வேண்டும். இது திருமண நாள் அல்ல. நம் வழக்கில் சொன்னால் நிச்சயதார்த்தம். தேவாலயச் சடங்கு இன்னும் நடக்கவில்லை. பெண் இன்னும் தன் தகப்பனார் வீட்டில்தான் இருக்கிறாள். இந்த ஒரு செய்தியைத் தவறவிட்டால் படத்தின் மற்ற எல்லாவற்றையும் தவறாகவே புரிந்துகொள்ள நேரும்.

படி 3: திருமணத்தின் வரிசையை மனத்தில் பதியுங்கள்

ரஷ்யக் கிராமத்துத் திருமணம் ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை. பல வாரங்களுக்கு நீளும் ஒரு நாடகம் என்றே அதைச் சொல்ல வேண்டும். ஓவியர் எவரும் முழு நாடகத்தையும் வரைவதில்லை. அதில் ஒரு காட்சியைத் தேர்ந்தெடுக்கிறார். எனவே எந்தப் படத்தின் முன்னும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எத்தனையாவது காட்சி என்பதே. வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபாடுகள் இருந்தாலும், பொதுவான வரிசை பின்வருமாறு அமையும்.

முதலில் மாப்பிள்ளை வீட்டார் சார்பில் பெண் கேட்டு ஆட்கள் வருவார்கள்; அதற்கென்றே பேர்போன, பேச்சில் வல்ல பெண்மணிகள் ஊர்தோறும் இருந்தார்கள். அடுத்தது பெண் பார்த்தல். பெண்ணைப் பார்ப்பதோடு, பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீட்டையும் தொழுவத்தையும் களஞ்சியத்தையும் போய்ப் பார்த்துவருவதும் உண்டு. இரு தரப்பும் இசைந்தால், இரு தகப்பன்மாரும் கையோடு கை அடித்து உறுதி செய்வார்கள். அப்போது வெறுங்கையை நீட்டாமல், கையுறையையோ மேலங்கியின் ஓரத்தையோ கையில் சுற்றிக்கொண்டு அடிப்பது பல ஊர்களில் வழக்கம்; வெறுங்கை வறுமையைக் கொண்டுவரும் என்ற அச்சமே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. சீதனம் எவ்வளவு, மாப்பிள்ளை வீட்டார் தர வேண்டியது எவ்வளவு, விருந்துச் செலவு யாருடையது என்பதெல்லாம் இந்தக் கட்டத்தில் முடிவாகிவிடும். இதற்குப் பின் பின்வாங்குவது பெரிய அவமானம். ஷிபானோவ் காட்டுவது இந்த உடன்பாட்டையொட்டிய விருந்தைத்தான்.

உடன்பாடு ஆன நாளிலிருந்து பெண்ணின் நிலை மாறிவிடுகிறது. வீட்டு வேலைகள் குறையும். தோழிகள் கூடி வந்து அவளோடு அமர்ந்து சீதனத் துணிகளைத் தைப்பார்கள். அவள் ஒப்பாரி போன்ற பாடல்களைப் பாடி அழ வேண்டும். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பது இங்கே பொருட்டில்லை. பிறந்த வீட்டையும் கன்னிமையையும் விட்டுப் பிரிபவள் முறைப்படி அழுதே ஆக வேண்டும், அழாதவளை ஊரார் ஒருமாதிரியாகப் பார்ப்பார்கள். திருமணத்துக்கு முந்தைய நாள் தோழியர் கூடும் சடங்கு. அன்று பெண் குளியல் மனைக்கு அழைத்துச் செல்லப்படுவாள், அவளது ஒற்றைப் பின்னல் அவிழ்க்கப்படும், அதில் கட்டியிருந்த நாடா தோழியருக்கோ தங்கைக்கோ போய்ச்சேரும். மறுநாள் மாப்பிள்ளையின் வண்டி வரிசை வரும். வாசலில் பணமும் இனிப்பும் கொடுத்து வழி வாங்கித்தான் உள்ளே நுழைய முடியும். பிறகு தேவாலயம்: மணமக்களின் தலைக்கு மேல் கிரீடங்கள் பிடிக்கப்படும், அவர்கள் பாதிரியாரோடு மும்முறை சுற்றி வருவார்கள். அதன்பின் மாப்பிள்ளை வீட்டு விருந்து. அந்த நாள்களில் மணமக்களை இளவரசன், இளவரசி என்றே அழைப்பார்கள். ரொட்டியும் உப்பும் ஏந்தி வரவேற்பார்கள். உரோமம் மேலே தெரியும்படி விரித்த மேலங்கியின் மீது அமரவைப்பார்கள்.

பருவத்தையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். நான்கு நீண்ட நோன்புக் காலங்களிலும் ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் திருமணத்தை அனுமதிப்பதில்லை. கோடையில் வயல் வேலை நெருக்கும். ஆகவே அறுவடை முடிந்து, கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்குவதற்கு முந்தைய இலையுதிர் வாரங்களும், கிறிஸ்துமஸ் பண்டிகைக்கும் ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்புக்கும் இடைப்பட்ட பனிக்காலமுமே திருமணப் பருவங்கள். பல ரஷ்யத் திருமண ஓவியங்களில் சன்னலுக்கு வெளியே பனி தெரிவதும், உள்ளே நுழைபவர் கனத்த தோல் அங்கி அணிந்திருப்பதும் இதனால்தான். ஓவியரின் மனநிலையைப் பற்றிய குறியீடு என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டாம்.

படி 4: தலையைப் பாருங்கள்

காட்சி எது என்பதைப் படத்தின் தலைப்பு சொல்லாவிட்டாலும் பெண்களின் தலை சொல்லிவிடும். மணமாகாத பெண்ணுக்கு ஒற்றைப் பின்னல். தலையைச் சுற்றி ஒரு பட்டையோ வளையமோ இருக்கலாம், ஆனால் உச்சி திறந்திருக்கும், முடி தெரியலாம். மணமான பெண்ணுக்கு இரட்டைப் பின்னல். அவை தலையைச் சுற்றிக் கட்டப்பட்டு, ஒரு முடிகூட வெளியே தெரியாதபடி தலையணிக்குள் மறைக்கப்படும். தேவாலயச் சடங்கு முடிந்த கையோடு இந்த மாற்றத்தைச் செய்துவிடுவார்கள். அந்நியர் முன் தலையணி இல்லாமல் நிற்பது மணமான பெண்ணுக்குப் பெரும் இழுக்கு.

இப்போது ஷிபானோவின் மணப்பெண்ணைப் பாருங்கள். அவள் தலையில் இருப்பது கன்னிப் பெண்ணுக்குரிய பட்டை. அதன் மீது பொன்னிழை வேலைப்பாடு கொண்ட மெல்லிய முக்காடு சரிந்து கிடக்கிறது. விருந்தினராக வந்த பெண்களோ கொகோஷ்னிக் எனப்படும் உயர்ந்த, விறைப்பான தலையணியை அணிந்திருக்கிறார்கள். பின்புறக் குறிப்பைப் படிக்காதவர்கூட, இவள் இன்னும் மணமுடிக்கவில்லை, சுற்றியிருப்பவர்களில் பெரும்பாலோர் மணமானவர்கள் என்று இதிலிருந்தே சொல்லிவிடலாம். சுற்றுலாக் கடைப் பொம்மைகளும் நாட்டிய மேடைகளும் கொகோஷ்னிக்கைக் கன்னிப் பெண்ணின் அணியாக்கிவிட்டதால், இந்த இடத்தில் புதியவர்கள் அடிக்கடி குழம்புகிறார்கள். பழைய கிராம வழக்கில் அது பெரிதும் மணமான பெண்ணின், குறிப்பாகப் புது மருமகளின், பண்டிகைத் தலையணி.

படி 5: துணியை அருகில் போய்ப் பாருங்கள்

பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய கட்டம் இதுதான். மணப்பெண் வெள்ளை லினன் சட்டையின் மேல் பூவேலை செய்த வெள்ளை ஜரிகைப் பட்டுச் சரஃபான் அணிந்திருக்கிறாள். சரஃபான் என்பது தோள்பட்டிகளில் தொங்கும் நீண்ட கையில்லா ஆடை. அதன் மேல் துஷெக்ரேயா எனப்படும் குட்டையான, பொன்னிற ஜரிகை மேலாடை. கழுத்தில் முத்து, அதற்குக் கீழே மார்பின் மீது பெரிய கற்கள் கோத்த மாலை, காதில் தொங்கட்டான். மாப்பிள்ளைக்கு காஃப்தான் எனப்படும் நீல நிற நீண்ட மேலங்கி. அது திறந்திருக்கும் இடத்தில் பச்சை கலந்த உள்ளங்கி, அதற்கும் உள்ளே இளஞ்சிவப்பில் தையல் வேலை செய்த சட்டை. மூன்று அடுக்கும் கழுத்தருகே ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும்படி ஓவியர் அமைத்திருக்கிறார்.

இந்த வெண்மைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. சட்டையின் லினன் வெண்மை மங்கலாகவும் மென்மையாகவும் இருக்கிறது. சரஃபானின் பட்டு வெண்மையில் மடிப்பு முறியும் இடமெல்லாம் கூர்மையான ஒளிக்கோடு. முக்காட்டின் வெண்மைக்குப் பின்னால் உள்ள நிறம் கசிந்து தெரிகிறது. முத்தின் வெண்மை ஒவ்வொன்றும் ஒரு சிறு சாம்பல் வட்டமும் அதில் ஒரு புள்ளி ஒளியுமாக முடிந்துவிடுகிறது. உருவப்பட ஓவியர் ஒருவரின் கைப்பழக்கம் இங்கே முழுமையாக வெளிப்படுகிறது. சீமாட்டிகளின் பட்டுக்குக் காட்டிய அதே அக்கறையைக் குடியானவப் பெண்ணின் பட்டுக்கும் அவர் காட்டியிருக்கிறார். 1777-இல் அது சிறிய செயலாக இருந்திருக்க முடியாது.

குடியானவர்களிடம் இவ்வளவு செல்வமா என்ற ஐயம் எல்லோருக்கும் எழும். மூன்று செய்திகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பண்டிகை உடை அன்றாட உடை அன்று. அது தாயிடமிருந்து மகளுக்குப் பெட்டியில் வைத்துக் காக்கப்பட்டு, வாழ்நாளில் சில தடவையே உடுத்தப்படுவது. சூஸ்தல் வட்டாரத்தில் ஆளி நார்த் துணி நெசவும் வணிகமும் இருந்தன. அங்கே எல்லாக் குடியானவரும் வெறும் நிலத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. முத்துகளும் தொலைதூரக் கடலிலிருந்து வந்தே ஆக வேண்டியவை அல்ல. ரஷ்ய வடக்கின் ஆறுகளில் நன்னீர் முத்து கிடைத்தது, கிராமத்துத் தலையணிகளிலும் அது தைக்கப்பட்டது. இவற்றையெல்லாம் சொன்ன பிறகும், ஷிபானோவ் வசதியான வீடு ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதும், கந்தலும் அழுக்கும் படச் சட்டத்துக்கு வெளியே விடப்பட்டிருக்கின்றன என்பதும் உண்மைதான். அக்காலக் கிராமம் முழுவதற்கும் இதைச் சான்றாகக் காட்டக் கூடாது. பண்டிகை உடை எப்படி இருந்தது என்பதற்குத் தாராளமாகக் காட்டலாம்.

படி 6: கைகளும் முகங்களும்

மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பற்றியபடி அவள் பக்கம் திரும்பி நிற்கிறான். பெண் அதே அளவுக்கு அவன் பக்கம் திரும்பவில்லை. அவள் நிமிர்ந்து, அடக்கமாக, கிட்டத்தட்ட நமக்குக் காட்சி தருவதுபோல நிற்கிறாள். இதைக் கண்டதும் விருப்பமில்லாத திருமணம் என்று கதை கட்டுவது எளிது. அவசரப்பட வேண்டாம். மூன்றாம் படியில் சொன்னதுபோல, நிச்சயமான பெண் மகிழ்ச்சியை வெளிக்காட்டுவது மரபுக்கு ஒவ்வாதது. இந்த அடக்கம் முறையின் பகுதியாகவும் இருக்கலாம், மனத்தின் பகுதியாகவும் இருக்கலாம். ஓவியம் இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறது.

விருந்தினரின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, யாருடைய பார்வை எங்கே போகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள். எல்லாப் பார்வைகளும் மணமக்கள் மீதே விழவில்லை என்பதும், ஒருவர் மற்றவரிடம் ஏதோ சொல்வதுபோன்ற சிறு உரையாடல்கள் கூட்டத்துக்குள் நடப்பதும் அப்போதுதான் புலப்படும்.

படி 7: மேசையும் மூலையும்

ஷிபானோவின் படத்தில் விரிப்பிட்ட மேசை மீது விருந்துப் பண்டங்கள் இருக்கின்றன. பின்னணியோ பெரும்பாலும் இருள். இஸ்பா எனப்படும் மரவீட்டின் உள்ளமைப்பை அவர் விரிவாகக் காட்டவில்லை. அதைக் காண விரும்புவோர், அவரே 1774-இல் வரைந்த ‘குடியானவர் மதிய உணவு’ என்ற படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அங்கே ஒருவர் ரொட்டியை வெட்டுகிறார், இளம் தாய் குழந்தைக்குப் பாலூட்டத் தயாராகிறாள், மூலையில் திருவுருவப் படங்கள் இருக்கின்றன.

அந்த மூலை முக்கியமானது. ஒவ்வொரு இஸ்பாவிலும் அடுப்புக்கு எதிர்க்கோணத்தில் திருவுருவங்கள் வைக்கப்பட்ட மூலையே வீட்டின் மிக உயர்ந்த இடம். சாப்பாட்டு மேசை அதன் கீழேதான் போடப்படும்; மணவிருந்தில் மணமக்கள் அங்கேதான் அமர்வார்கள்; கதவருகே உள்ள இடம் மிகத் தாழ்ந்தது. பிற்காலத் திருமண ஓவியங்களில் யார் மூலைக்கு அருகில், யார் கதவுக்கு அருகில் என்று அளந்தாலே பாதிக் கதை கிடைத்துவிடும்.

படி 8: வரைந்தவரையும் ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள்

ஷிபானோவ் பிறந்த ஆண்டு தெரியாது. பேரரசி இரண்டாம் கேத்தரினின் நெருங்கிய அமைச்சரான பொத்தியோம்கினிடம் பண்ணையடிமையாக இருந்தவர் என்றே கலை வரலாறு அவரை வழக்கமாக அறிமுகப்படுத்துகிறது. 1787-இல் கேத்தரின் தெற்கு நோக்கிப் பயணம் செய்தபோது, கீவ் நகரில் அவரைப் பயண உடையில் வரைந்தவரும் இவரே. ஆக, குடியானவரையும் பேரரசியையும் ஒரே கை வரைந்திருக்கிறது.

1757-இல் நிறுவப்பட்ட பீட்டர்ஸ்பர்க் கலைக் கழகம், புராண, விவிலிய, வரலாற்றுக் காட்சிகளையே உயர்ந்த ஓவியமாக மதித்தது. கிராமத்து வீட்டின் நிகழ்ச்சி அந்த மதிப்பு வரிசையில் கீழே கிடந்தது. அதைவிட முக்கியமானது 1773 முதல் 1775 வரை வோல்கா வட்டாரத்தை உலுக்கிய, புகச்சோவ் என்பவர் தலைமையில் குடியானவர்கள் திரண்ட கிளர்ச்சி. நிலக்கிழார்களின் மாளிகைகள் எரிந்து, புகச்சோவ் மாஸ்கோவில் கொல்லப்பட்டு இரண்டே ஆண்டுகள் கழிந்த நிலையில் இந்தப் படம் வரையப்படுகிறது. குடியானவன் என்றதும் மேல்தட்டினர் நடுங்கிய காலத்தில், மதிப்போடு உடுத்தி, நிமிர்ந்து நின்று, விருந்துண்ணும் குடியானவர்களை ஒருவர் இரண்டு மீட்டர் உயரத்தில் வரைகிறார். அது யாரையோ அமைதிப்படுத்துவதற்காகவா, யாருக்கோ நினைவூட்டுவதற்காகவா என்ற கேள்வி எனக்குச் சுவையானதாகவே படுகிறது; படத்திலிருந்து மட்டும் அதற்கு விடை சொல்ல முயல்வது வீண் வேலை.

படி 9: அடுத்த படங்களில் பழகிப்பாருங்கள்

முதலில் கிரிகோரி மியாசயேதோவ் 1861-இல் வரைந்த ‘நிலக்கிழார் வீட்டில் மணமக்களுக்கு வாழ்த்து’. புதிதாக மணமானவர்கள் தம் எசமானர் வீட்டுக்கு வந்து நிற்கும் காட்சி அது. பண்ணையடிமைகளின் திருமணத்துக்கு நிலக்கிழாரின் இசைவு தேவைப்பட்டது. பெண் வேறொரு பண்ணைக்கு மணமாகிப் போனால் அவளை விடுவிக்கப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அதே 1861-இல்தான் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஷிபானோவின் படத்தில் எங்குமே தென்படாத எசமானர் இங்கே காட்சிக்குள் வந்துவிடுகிறார் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து வசீலி மாக்சிமோவ் 1875-இல் முடித்த ‘குடியானவர் திருமணத்துக்குச் சூனியக்காரர் வருகை’. இதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். மாக்சிமோவ் 1844-இல் லதோகா ஏரிக்கு அருகே குடியானவர் வீட்டில் பிறந்தவர். பயணக் கண்காட்சிகளை நடத்திய பெரெத்விஷ்னிக்கி ஓவியர் குழுவைச் சேர்ந்தவர். கிராமத்தை வெளியிலிருந்து பார்க்கத் தேவையில்லாதவர். தேவாலயத்திலிருந்து திரும்பி விருந்து நடந்துகொண்டிருக்கும்போது, அழைக்கப்படாத சூனியக்காரர் பனி படிந்த அங்கியோடு உள்ளே வருகிறார்; விருந்தும் பேச்சும் நின்றுபோகின்றன. இத்தகையவரை மதிக்காவிட்டால் மணமக்களுக்குத் தீங்கு வைத்துவிடுவார், மலட்டுத்தன்மையோ நோயோ வரும் என்று கிராமம் நம்பியது. ஆகவே அவரை முதல் விருந்தாளியாக உபசரிப்பார்கள், சில ஊர்களில் முன்கூட்டியே காவலாகவும் அழைத்துக்கொள்வார்கள். நான்காம் படியையும் ஏழாம் படியையும் இங்கே பயன்படுத்துங்கள்: மணப்பெண்ணின் தலை எதைச் சொல்கிறது, மூலைக்கும் கதவுக்கும் இடையே யார் யார் நிற்கிறார்கள், யார் பயப்படுகிறார்கள், யார் வேடிக்கை பார்க்கிறார்கள். தேவாலயம் தந்த ஆசி போதாது, இவரையும் சமாதானப்படுத்த வேண்டும் என்ற இரட்டை நம்பிக்கையை மாக்சிமோவ் கேலி செய்யவில்லை. என் பார்வையில் இந்த வகையின் மிகச் சிறந்த படம் இதுவே.

மூன்றாவதாக, அலெக்சேய் கொர்சூகின் 1889-இல் வரைந்த தோழியர் சடங்குப் படம். அழுகையும் அவிழ்ந்த பின்னலும் எதற்காக என்பதை மூன்றாம் படி ஏற்கெனவே சொல்லிவிட்டதால், இதில் நீங்களே விடைகளைக் கண்டுபிடிக்கலாம். நான்காவதாக, அந்திரேய் ரியாபுஷ்கின் 1891-இல் வரைந்த, நோவ்கோரத் மாகாணத்தில் தேவாலயத்திலிருந்து மணமக்கள் திரும்புவதற்காகக் காத்திருக்கும் காட்சி. மணமக்களே இல்லாத திருமண ஓவியம் இது. வீட்டோர் நல்லுடை உடுத்திக் காத்திருக்கும் அந்த வெற்று நேரத்தை வரைய வேண்டும் என்று தோன்றியதே பெரிய விஷயம். ரியாபுஷ்கின் தம்பொவ் மாகாணத்துக் கிராமம் ஒன்றில் திருவுருவ ஓவியர் குடும்பத்தில் பிறந்தவர். 1880-இல், இருபது வயதுகூட நிரம்பாதபோதே, தம் ஊர்ப்புறத்துத் திருமணம் ஒன்றையும் வரைந்திருக்கிறார்.

தவிர்க்க வேண்டியவை

இணையத்தில் ‘ரஷ்யக் கிராமத் திருமணம்’ என்ற பெயரில் அடிக்கடி சுற்றும் படம் கான்ஸ்தந்தீன் மக்கோவ்ஸ்கியின் ‘பொயார் திருமண விருந்து’. 1883-ஐச் சேர்ந்த அந்தப் பெரிய ஓவியம் இப்போது வாஷிங்டனில் உள்ள ஹில்வுட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் இருப்பவர்கள் முந்தைய நூற்றாண்டுகளின் பிரபுக்கள்; முத்தும் பொற்கிண்ணமும் குடியானவர் வழக்கத்துக்குச் சான்றாகா. அதேபோல, வசீலி பூகிரெவின் ‘பொருந்தா மணம்’, 1862, தேவாலயத்தில் முதியவருக்கு மணமுடிக்கப்படும் இளம்பெண்ணைக் காட்டினாலும் அது கிராமத்துக் காட்சி அன்று. மக்கோவ்ஸ்கி படத்தின் கொகோஷ்னிக்கைக் காட்டிச் சூஸ்தல் குடியானவப் பெண்ணைப் பற்றிப் பேசும் கட்டுரைகளைக் கண்டால் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

நேரில் போகிறவர்களுக்கு

ஷிபானோவ், மியாசயேதோவ், மாக்சிமோவ் மூவரின் படங்களும் மாஸ்கோவில் லவ்ருஷின்ஸ்கி சந்தில் உள்ள ட்ரெட்யாகோவ் கலைக்கூடத்துக்குச் சொந்தமானவை. கொர்சூகினின் தோழியர் சடங்கும் ரியாபுஷ்கினின் காத்திருப்பும் பீட்டர்ஸ்பர்கில் உள்ள ரஷ்ய அருங்காட்சியகத்துக்கு உரியவை. ட்ரெட்யாகோவில் அறைகள் பெரிதும் காலவரிசைப்படி அமைந்திருப்பதால், பதினெட்டாம் நூற்றாண்டு அறைகளில் தொடங்கிப் பெரெத்விஷ்னிக்கி அறைகளை நோக்கி நடப்பதே வசதி; இடையில் உள்ள மன்னர்களையும் தளபதிகளையும் விரைந்து கடந்துபோகலாம். படங்கள் சில வேளைகளில் பழுதுபார்ப்புக்கோ வெளியூர்க் கண்காட்சிக்கோ போய்விடுவதுண்டு; சீட்டு எடுக்கும் முன், நீங்கள் தேடும் படம் அன்று சுவரில் இருக்கிறதா என்று அருங்காட்சியகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஷிபானோவின் முன் நிற்கும்போது முதலில் நான்கைந்து அடி தள்ளி நின்று வெளிச்சத்தைப் பாருங்கள். பிறகு காவலர் அனுமதிக்கும் தூரம் வரை நெருங்கி, மணப்பெண்ணின் கழுத்துக்கும் முக்காட்டுக்கும் இடையே அந்த நான்கு வெண்மைகளையும் தேடுங்கள்.